மாமா நிறுத்திய இடம்

1

என் மகள் மீனு நேற்று மத்தியானத்திலிருந்து என்னோடு பேசவில்லை.

பதினாலு வயசுப் பெண் அம்மாவோடு பேசவில்லை என்பதெல்லாம் ஒரு செய்தியா என்று கேட்பீர்கள். சரிதான். லீட்ஸில் அவளுடைய அறைக்கு ஒரு கதவு உண்டு, வாரத்தில் பாதி நாள் நான் பேசுவது அந்தக் கதவோடுதான். அதற்கெல்லாம் பழகிவிட்டேன். நேற்று நடந்தது வேறு. அவள் கதவைச் சாத்தவில்லை, முகத்தைத் திருப்பவில்லை, சாப்பிடக் கூப்பிட்டபோது வந்து சாப்பிட்டாள், தட்டைக் கழுவி வைத்தாள். என்னைப் பார்த்து ஒரு வார்த்தை மட்டும் சொல்லவில்லை.

இதை எழுதுவது திருவனந்தபுரத்தில், கரமனையில், அண்ணன் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில். சனிக்கிழமை காலை. நேற்று அண்ணனுக்கு முதல் வருஷத் திதி கொடுத்தோம், இந்த ஊரில் பலி என்பார்கள். செவ்வாய்க்கிழமை எங்களுக்குத் திரும்ப விமானம். அதற்குள் இந்தப் பெண் வாயைத் திறக்காவிட்டால் அங்கே போன பிறகு திறக்கவே மாட்டாள் என்று எனக்குப் பயமாக இருக்கிறது. அங்கேதான் கதவு இருக்கிறதே.

நான் செய்த குற்றம் இதுதான். ஜப்பான்காரர்கள் எடுத்த ஒரு கார்ட்டூன் தொடரில் அண்ணன் பார்க்காமல் விட்டு வைத்திருந்த ஆறு நிமிஷத்தை நான் ஓட்டித் தீர்த்துவிட்டேன். மீனு பேசுகிற நிலையில் இருந்தால் "கார்ட்டூன் இல்ல, அனிமே" என்று திருத்தியிருப்பாள். ஆறு நிமிஷத்துக்கா இவ்வளவு என்று சிரிப்பீர்கள். முழுக்கக் கேட்டுவிட்டுச் சிரியுங்கள்.

2

அண்ணன் பெயர் நாகராஜன், ஊருக்கெல்லாம் நாகு. என்னைவிட ஏழு வயசு மூத்தவன். கல்யாணம் செய்துகொள்ளவில்லை, பார்த்த இடங்களும் தட்டிப்போயின, பிறகு அம்மா படுக்கையில் விழுந்தாள், பிறகு அம்மாவும் போனாள், அப்படியே ஐம்பத்து மூன்று ஆகிவிட்டது. அப்பா நாகர்கோவில் பக்கத்திலிருந்து வந்து பழவங்காடி கணபதி கோவில் முக்கில் போட்ட தேங்காய்க்கடையை அவன்தான் பார்த்தான். சமையலுக்கான தேங்காய் இல்லை, பிள்ளையாருக்கு உடைக்கிற தேங்காய். பரீட்சை எழுதப் போகிறவர்கள், புது ஸ்கூட்டர் எடுத்தவர்கள், விசா கிடைத்தவர்கள், கிடைக்காதவர்கள், எல்லாரும் வந்து வாங்கிக்கொண்டு போய் ஓங்கி எறிவார்கள்.

அந்தக் கடையில் ஒரு சட்டம் உண்டு. கூடையில் கிடக்கும் கடைசித் தேங்காயை விற்க மாட்டான். கடை அடைக்கும்போது ஒன்றாவது உள்ளே இருக்க வேண்டும். ஒருமுறை யாரோ ஒருவர் மறுநாள் நேர்முகத் தேர்வு என்று மூச்சு வாங்க ஓடி வந்தார், கூடையில் ஒன்றே ஒன்று கிடக்கிறது. "அது விக்கதுக்கு இல்ல சார்," என்றான் அண்ணன். அந்த மனுஷர் கெஞ்சுகிறார், இவன் மசியவில்லை. கடைசியில் இவனே இறங்கி நாலு கடை தள்ளிப் போய், தன் கையிலிருந்து விலை கொடுத்து ஒரு தேங்காய் வாங்கி வந்து, அவருக்குச் சும்மா கொடுத்தான். பக்கத்துக் கடை ஸ்ரீதரன் சேட்டன், சூடமும் பத்தியும் விற்கிறவர், இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்.

நான் கேட்டதற்கு அண்ணன் சொன்னான்: "ஏட்டி, கூடையை வழிச்சு எடுத்துட்டா நாளைக்கு எதைத் தேடி வரும்? மிச்சம் கெடந்தாத்தான் அதுக்கத் துணைக்கு மத்தது வரும்."

வீட்டிலும் அப்படித்தான். அரிசி டின்னின் அடியில் ஒரு கைப்பிடி, எண்ணெய்க் குப்பியில் ஒரு விரற்கடை, டீ கிளாஸில் கடைசி ஒரு மடக்கு. அம்மாவும் அப்படி, அப்பாவும் அப்படி. நான் அதே வீட்டில் பிறந்து அதே டின்னில் அரிசி அளந்தவள். எனக்குத் தெரியாத பழக்கம் இல்லை. நேற்றிலிருந்து என்னைக் குத்திக்கொண்டிருப்பது அதுதான்.

3

ஆறு வருஷத்துக்கு முன்னால் லீட்ஸுக்குப் போனோம். ஒரு மருத்துவமனையின் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் எனக்கு வேலை கிடைத்தது, நானும் இவரும் மீனுவும் கிளம்பினோம். கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்னால் அண்ணன் கடையை அடைத்துவிட்டு என்னையும் மீனுவையும் பொன்முடிக்குக் கூட்டிக்கொண்டு போனான். பஸ்ஸில்தான். திரும்புகிற பஸ் வரவில்லை. இரண்டு மணி நேரம் மூடுபனிக்குள் நின்றோம், நாலடி தள்ளி நிற்கிற ஆள் தெரியாது. எட்டு வயசு மீனு குளிரில் நடுங்கிக்கொண்டே சிரித்தாள், ஏனென்றால் மாமா அந்தப் பனிக்குப் பெயர் வைத்து அதோடு பேசிக்கொண்டிருந்தான். "ஏ மஞ்ஞு, கொஞ்சம் தள்ளி நில்லு, பிள்ளைக்கு பஸ் தெரியண்டாமா?" மஞ்ஞு என்றால் மலையாளத்தில் பனி. கடைசியில் ஹெட்லைட் தெரிந்ததும் அண்ணன் நடுரோட்டுக்கே போய்க் கையைத் தூக்கி நின்றான். எங்களைக் கொண்டுபோகிற பஸ்ஸை அவனே கை காட்டி நிறுத்தினான் என்று பிற்பாடு எத்தனையோ தடவை நினைத்திருக்கிறேன்.

லீட்ஸுக்குப் போன புதிதில் மீனு வீட்டில் தமிழும் மலையாளமும் கலந்து கலகலவென்று பேசுவாள். இரண்டு வருஷத்தில் அது பாதியானது, நாலு வருஷத்தில் "ம்" என்றும் "ஓகே" என்றும் ஆனது. நான் தமிழில் கேட்பேன், அவள் ஆங்கிலத்தில் பதில் சொல்வாள். ஒரு நாள் பள்ளியில் என்னைக் காட்டி "அவங்க பேசற இங்கிலீஷ் கொஞ்சம் வேற மாதிரி இருக்கும்" என்று தோழியிடம் முன்கூட்டியே மன்னிப்புக் கேட்கிற தொனியில் சொன்னது என் காதில் விழுந்தது.

போன வருஷம் ஜனவரியில்தான் அந்தத் தொடர் வந்தது. வந்தது என்றால், ஏற்கெனவே வந்து முடிந்திருந்ததை மீனு கண்டுபிடித்தாள். கதை என்று ஒன்றும் கிடையாது. ஒரு மலை, மலையில் ஒரு பஸ் நிறுத்தம், அதை ஒட்டி ஒரு டீக்கடை. கடையை நடத்துவது ஒரு சின்னப் பெண். பஸ்ஸுக்காகக் காத்திருப்பவர்கள் யாரும் மனுஷர்கள் இல்லை. ஒரு பனிக்குழந்தை, எங்கே பெய்ய வேண்டும் என்று மறந்துபோன ஒரு மழை, நாயைக் கண்டால் பயப்படுகிற ஒரு பெரிய பூதம். ஒரு பகுதி முழுக்கக் கெட்டிலின் மூடியைத் தேடுவார்கள். இன்னொரு பகுதியில் பூதம் தும்மும், கூரை பறக்கும், எல்லாருமாகச் சேர்ந்து கூரையை எடுத்து வைப்பார்கள். அவ்வளவுதான்.

மீனு அதை மாமாவிடம் போனில் சொல்லியிருக்கிறாள். "இது நம்ம பொன்முடிலா?" என்று கேட்டிருக்கிறான் அவன். அன்றையிலிருந்து சனிக்கிழமைதோறும் இரண்டு பேரும் சேர்ந்து பார்த்தார்கள். லீட்ஸில் காலை எட்டு, இங்கே மத்தியானம் ஒன்றரை, கோவில் நடை சாத்தி கடையில் ஆள் இல்லாத நேரம். நான் வாங்கி அனுப்பிய டேப்லெட்டில் படம், போனில் பேச்சு. படம் பார்க்கிற ஆப்பில், என்னுடைய கணக்கிலேயே, மீனு அவனுக்கு "மாமா" என்று ஒரு தனிப் பக்கம் போட்டுக் கொடுத்தாள். பன்னிரண்டு மணிக்கு முன்னால் சனிக்கிழமை எழுந்திருக்காத பெண், ஏழே முக்காலுக்குத் தலைவாரி உட்கார்ந்திருப்பாள். "ரெடியா மாமா? ஒண்ணு, ரெண்டு, மூணு." இரண்டு பேரும் ஒரே நேரத்தில் அழுத்த வேண்டும். மாமா எப்போதும் கொஞ்சம் பிந்துவான். "மாமா லேட்." "வயசாச்சுலா மக்ளே, வெரல் வரண்டாமா?"

பேச்சு ஜப்பான் மொழி, கீழே ஆங்கிலத்தில் எழுத்து ஓடும். "எழுத்து ஓடிருகு மக்ளே, எனக்கு எட்டல. நீ சொல்லு," என்பான். மீனு ஒவ்வொரு வரியையும் தமிழில் சொல்ல வேண்டும். வார்த்தை வராத இடத்தில் மலையாளம், அதுவும் வராவிட்டால் யோசித்து யோசித்து வேறு விதமாக. பூதத்துக்கு "பூதத்தான்" என்று பெயர் வைத்தார்கள், பனிக்குழந்தைக்கு "மஞ்ஞு". ஜப்பான்காரர்கள் வைத்த பெயர் என்னவென்று எனக்கு இன்றுவரை தெரியாது.

அண்ணன் பி.காம். படித்தவன். தினமும் ஆங்கிலப் பத்திரிகையை ஒரு வரி விடாமல் படிக்கிறவன். அவனுக்கா எழுத்து எட்டாது?

அந்தச் சனிக்கிழமைகளில் ஒன்றில்கூட நான் உட்காரவில்லை. எனக்கு சனிக்கிழமை ஷிஃப்ட். கோட்டை மாட்டிக்கொண்டு கிளம்பும்போது அறைக்குள்ளிருந்து சிரிப்புச் சத்தம் கேட்கும். அதைக் கேட்டுக்கொண்டே இறங்கிப் போவேன்.

4

போன வருஷம் மீன மாசத்தில், நம் பங்குனியில், ஒரு வியாழக்கிழமை ஸ்ரீதரன் சேட்டன் கூப்பிட்டார். "மோளே, நாகு போயி," என்றார். கடையில் உட்கார்ந்தபடியே. யாரோ தேங்காய் கேட்டிருக்கிறார்கள், இவன் எடுக்கக் குனிந்திருக்கிறான், நிமிரவில்லை.

எங்கள் நிரந்தரக் குடியிருப்பு விண்ணப்பம் அப்போது பரிசீலனையில் இருந்தது. முடிவு வரும் முன் நாட்டை விட்டு வெளியே கால் வைத்தால் விண்ணப்பம் ரத்து. ஐந்து வருஷம் காத்திருந்து போட்டது. இவர் "நீயே முடிவு பண்ணு" என்றார். நான் போகாமல் இருக்க முடிவு செய்தேன். எழுதும்போது கை கூசுகிறது, ஆனால் செய்தது நான்தான்.

மேலதிகாரியிடம் போய் "மை பிரதர் எக்ஸ்பையர்ட்" என்றேன். நாற்பது வருஷமாக அப்படித்தானே சொல்லி வந்திருக்கிறோம். அந்தப் பெண்மணி நல்லவர், ஆனால் ஒரு வினாடி முழித்தார். அங்கே பால் பாக்கெட்டும் பாஸ்போர்ட்டும்தான் எக்ஸ்பையர் ஆகும். துக்க விடுப்புப் படிவத்தில் கணவர், பெற்றோர், பிள்ளை என்று மூன்று கட்டம் இருந்தது, அண்ணனுக்குக் கட்டம் இல்லை. மீனுவின் பள்ளிப் படிவத்தில் மாமா "பிற உறவு" ஆனான். எங்கள் ஊரில் ஒரு காலத்தில் மாமன் சொத்தும் சடங்கும் மருமக்களுக்குத்தான். அங்கே அந்த உறவுக்கு அரை நாள் விடுப்புக் கிடையாது.

தகனத்தை வீடியோவில் பார்த்தேன். சிக்னல் சரியில்லை, அண்ணன் முகம் கட்டம் கட்டமாக உடைந்து உடைந்து சேர்ந்தது. மீனு பார்க்க வரவில்லை. அழவும் இல்லை. பையை எடுத்துக்கொண்டு பள்ளிக்கூடம் போனாள். அன்றைக்கே எனக்கு மனசுக்குள் ஒன்று விழுந்துவிட்டது, இந்தப் பெண் நம்மை விட்டுப் போய்விட்டது என்று.

தீபாவளி வந்தபோது கேட்டாள், "நமக்கு இந்த வருஷம் உண்டா?" கிடையாது என்றேன். சாவுத் துட்டி உள்ள வருஷம், பலகாரம் சுடக்கூடாது, புதுசு உடுக்கக்கூடாது, கோவிலுக்குப் போகக்கூடாது, ஒரு வருஷம் கழிந்துதான் எல்லாம். "எல்லாமுமா?" என்றாள். எல்லாமும்தான் என்றேன். "ஓகே," என்று அறைக்குள் போனாள்.

அதே மாதம் போனில் ஓர் அறிவிப்பு: அந்தத் தொடரின் இரண்டாவது சீசன் வந்துவிட்டது. நான் மீனுவின் கதவைத் தட்டி, "ரெண்டாவது சீசன் வந்திருக்கு, சேர்ந்து பாப்போமா? நான் சனிக்கிழமை லீவு போடுறேன்," என்றேன். "நாட் நவ், அம்மா," என்றாள். அடுத்த வாரமும் கேட்டேன். அதே பதில். மாமா போனதும் அந்த மோகமும் போய்விட்டது போலிருக்கிறது, எவ்வளவு சுலபமாகக் கழற்றி வைத்துவிட்டது இந்தக் குழந்தை என்று நினைத்தேன். சரி, நீ பார்க்காவிட்டால் போ, என் அண்ணன் பார்த்ததை நான் பார்க்கிறேன் என்று ஒரு வீம்பு.

நவம்பரில் ஒரு காலை, வேலைக்குப் போகிற பஸ்ஸில் போனைத் திறந்தேன். மூன்று பெயர்கள்: உமா, அதாவது நான், மீனு, மாமா. மாமாவைத் தொட்டேன். அவன் பக்கத்தில் உட்கார்ந்த மாதிரி இருக்குமே என்றுதான். தொட்டதும் அதுவாகவே ஓட ஆரம்பித்தது. பூதத்தான் டீக்கடை முன்னால் நின்று ஒரு கையைத் தூக்கியிருந்தான். பனிக்குள்ளிருந்து பஸ் வந்தது. எல்லாரும் சிரித்துக்கொண்டே கையசைத்தார்கள், அவன் ஏறிப் போய்விட்டான். அதோடு முதல் சீசன் முடிந்தது. நான் ஒன்றும் தொடவில்லை, இரண்டாவது சீசன் தானாகவே தொடங்கியது.

தினமும் பஸ்ஸில் ஒன்று. தீபாவளிக்குப் பலகாரம் கூடாது என்று சொன்னவள், பல் தெரியச் சிரித்துக்கொண்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தேன். நல்ல தொடர்தான். புதிதாக ஓர் ஆமை வந்தது. பூதத்தான் மட்டும் வரவில்லை. பதினோரு பகுதி பார்த்தேன், ஒன்றிலும் இல்லை. பன்னிரண்டாவதைப் போடவில்லை.

5

நேற்று திருவல்லம் ஆற்றங்கரையில் பலி. நாள் நட்சத்திரம் தற்செயலாக ஈஸ்டர் விடுமுறைக்குள் விழுந்ததால் மீனுவுக்குப் படிவம் எதுவும் எழுத வேண்டியிருக்கவில்லை. நானும் அவளும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து, விரலில் தர்ப்பை மாட்டிக்கொண்டு, சொல்லச் சொல்ல எள்ளும் நீரும் விட்டோம். அவளுக்கு நான் மொழிபெயர்க்க வேண்டியிருக்கும் என்று நினைத்தேன். வேண்டியிருக்கவில்லை. காக்கை வந்து உருண்டையைக் கொத்தும்வரை அவள் கண்ணை எடுக்கவில்லை.

வீட்டுக்கு வந்து சாப்பிட்டோம். மீனு அலமாரியிலிருந்து மாமாவின் டேப்பை எடுத்து சார்ஜில் போட்டாள். ஒரு வருஷமாகச் செத்துக் கிடந்தது. உயிர் வந்ததும் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"அம்மா, ஒரு வருஷம் ஆச்சுல்லா?"

"ஆச்சு மக்ளே."

"இனி பாக்கலாம்லா?"

எதை என்று கேட்டேன். அப்போதுதான் சொன்னாள். நான் சொன்ன சட்டத்தை அவள் அந்தத் தொடருக்கும் போட்டிருக்கிறாள். துட்டி வருஷத்தில் புதுசு கூடாது என்றால் இரண்டாவது சீசன் புதுசுதானே. தோழிகள் எல்லாரும் பார்த்துவிட்டுப் பேசும்போது காதைப் பொத்திக்கொண்டு எழுந்து போயிருக்கிறாள். ஒரு வருஷம். நான் கல் நெஞ்சு என்று நினைத்த பெண்.

இன்னொன்றும் சொன்னாள். கடைசிச் சனிக்கிழமை, முதல் சீசனின் பன்னிரண்டாவது பகுதி. பூதத்தான் பஸ்ஸுக்காகக் கையைத் தூக்கப் போகிறான். மாமா சொன்னானாம், "மக்ளே, நிறுத்து. இவன் போகப் போறான். இங்கயே நிறுத்து, ஒண்ணு, ரெண்டு, மூணு." நிறுத்தினார்கள். மிச்சம் ஆறு நிமிஷம். "இது கெடக்கட்டும். மிச்சம் வெச்சாத்தான் ரெண்டாவது சீசன் வரும். வந்தப்பொறவு இதையும் சேத்துப் பாப்போம்." இரண்டாவது சீசன் வருமா வராதா என்று அப்போது யாருக்கும் தெரியாது.

"எனக்கு பதினெட்டு நாப்பதில நின்னுது," என்றாள் மீனு. "மாமாவுக்கு பதினெட்டு நாப்பத்து மூணு. மூணு செகண்ட் லேட். எனக்கு பூதத்தான் கை கீழதான் இருக்கு. மாமாவுக்குத் தூக்கிட்டான்."

நான் ஒன்றும் சொல்வதற்குள் அவள் மாமாவின் பக்கத்தைத் திறந்துவிட்டாள்.

மாமா போனதிலிருந்து அவள் அதைத் திறந்து திறந்து, எதுவரை பார்த்தாயிற்று என்று காட்டுகிற சிவப்புக் கோடு பாதியில் நிற்பதை மட்டும் பார்த்துவிட்டு மூடியிருக்கிறாள், தொட்டால் ஓடிவிடும் என்று தொடாமல். அது நவம்பர்வரை. பிறகு பரீட்சை, பிறகு கை பட்டு ஓடிவிடுமோ என்ற பயம், திறக்கவில்லை. நேற்று திறந்தபோது முதல் சீசன் முழுக்கச் சிவப்பாக இருந்தது. மேலே இரண்டாவது சீசன், பன்னிரண்டாம் பகுதி, பார்க்கத் தயார்.

"யாரு பாத்தா?"

"நான்தான்."

"மாமா பேஜிலயா?"

"எனக்குத் தெரியாது மக்ளே. நீ சொல்லவே இல்லையே. அதைப் பழைய இடத்துக்குத் தள்ளி வைக்க முடியாதா?"

"வைக்கலாம்," என்றாள். "ஆனா அது நான் வெச்சதாத்தான் இருக்கும். மாமா வெச்சதா இருக்காது."

அதுதான் அவள் பேசிய கடைசி வார்த்தை. நான் சமையலறைக்குள் போய் அரிசி டின்னைத் திறந்து பார்த்தேன், எதற்கென்று தெரியாமல். அடியில் ஒரு கைப்பிடி கிடந்தது, வண்டு விழுந்து. அங்கேயே நின்று அழுதேன்.

6

இது சனிக்கிழமை சாயங்காலம் எழுதுவது.

காலையில் பழவங்காடிக்குப் போனோம். வருஷம் கழிந்தால் கோவிலுக்குப் போக வேண்டும். மீனு கூட வந்தாள், பேசாமல். டேப்பைப் பையில் போட்டுக்கொண்டாள். தொழுதுவிட்டு கடைக்குப் போனபோது நடை சாத்தும் நேரம். அண்ணன் கடையையும் சேர்த்து இப்போது ஸ்ரீதரன் சேட்டன்தான் பார்க்கிறார். எங்களைப் பார்த்ததும் எழுந்து, அண்ணன் உட்காரும் ஸ்டூலைத் துண்டால் துடைத்து மீனுவுக்குப் போட்டார்.

ஸ்டூலுக்கு மேலே பலகையில் பழைய கூடை, அதில் ஒரே ஒரு தேங்காய். மீனு கையில் எடுத்தாள். ஆட்டினாள். உள்ளே தண்ணீர் வற்றி, பருப்பு கழன்று, கடகடவென்றது.

"அது நாகுவின்றெ பாக்கியா மோளே," என்றார் சேட்டன். "அந்நு கூடையில கெடந்நது. ஞான் வித்தில்லா." அண்ணன் போன அன்றைக்குக் கூடையில் மிச்சம் கிடந்த காய், அவர் விற்கவில்லை.

மீனு அதைத் தன் பையில் வைக்கப் போனாள். நான்தான் தடுக்க வேண்டியிருந்தது. காய்ந்த தேங்காயை விமானத்தில் ஏற்ற விடமாட்டார்கள், எண்ணெய்ப் பிடிப்பு, தீப்பிடிக்கும் என்று பெட்டியைத் திறந்து எடுத்துப் போட்டுவிடுவார்கள். இந்த ஒரு வாரத்தில் அவளுக்கு நான் மறுக்கிற எத்தனையாவது பொருளோ. அவள் என்னைப் பார்த்தாள், பிறகு சேட்டனைப் பார்த்தாள்.

"அங்கிள், இது இவிட இருந்நோட்டே?" என்றாள், இங்கேயே இருக்கட்டும் என்று. "விக்கண்டா."

"விக்கில்லா," என்றார் அவர். கூடையில் திரும்ப வைத்துவிட்டு டீ வாங்கப் போனார்.

ஒன்றரை மணி. ரோட்டில் பஸ்கள் ஹாரன் அடித்துக்கொண்டு போயின. மீனு ஸ்டூலில் நகர்ந்து பாதி இடம் விட்டாள். நான் உட்கார்ந்தேன். சனிக்கிழமை, அந்த நேரத்தில், அந்த இடத்தில், முதல் தடவையாக.

"ஒண்ணே ஒண்ணு சொல்லு," என்றாள், ரோட்டைப் பார்த்தபடி. "வேற ஒண்ணும் சொல்லாத. ரெண்டாவதில பூதத்தான் வாறானா?"

"பதினொண்ணு வரைக்கும் இல்ல."

"பன்னெண்டில?"

"நான் பாக்கல."

"ஏன்?"

"அதிலயும் வரலைன்னா நான் என்ன செய்ய, மீனு?"

ஒரு வருஷமாக யாரிடமும் காட்டாமல் வைத்திருந்த அழுகை, அந்தக் கடைவாசலில், போகிற வருகிற ஆள் பார்க்க, வந்தது. மீனு என் கையைப் பிடிக்கவில்லை, ஆறுதல் சொல்லவில்லை. அழுது முடிக்கும்வரை பக்கத்தில் இருந்தாள். பிறகு பையிலிருந்து டேப்பை எடுத்து, மாமாவின் பக்கத்தைத் திறந்து, முதல் சீசனின் கடைசிப் பகுதியைப் போட்டு, பதினேழாவது நிமிஷத்துக்குத் தள்ளி என் மடியில் வைத்தாள்.

"நீ வை," என்றாள். "நான் வெச்சாச் சரியாகாது. நீ மாமாவுக்க தங்கச்சில்லா."

ஓட விட்டாள். டீக்கடையில் விளக்கு எரிந்தது. மஞ்ஞு பூதத்தானின் தோளில் உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டிருந்தது. சின்னப் பெண் எதையோ சொன்னாள், கீழே எழுத்து ஓடியது. எனக்குக் கண்ணீரில் எட்டவில்லை. "என்ன சொல்லுகா?" என்றேன். "டீ ஆறிப் போகும்ணு சொல்லுகா," என்றாள் மீனு. ஒவ்வொரு வரியாகச் சொன்னாள். பூதத்தான் ரோட்டோரத்துக்கு நடந்து போனான்.

"ரெடியா?"

"ம்."

"ஒண்ணு. ரெண்டு. மூணு."

அழுத்தினேன். அழுத்தியதாகத்தான் நினைத்தேன். விரல் ஈரமாக இருந்தது, முதல் தடவை பிடிக்கவில்லை, மறுபடி அழுத்தினேன், நின்றது. பூதத்தான் கையைத் தூக்கியபடி நின்றான். பஸ் இன்னும் வரவில்லை.

மீனு குனிந்து எண்ணைப் பார்த்தாள்.

"பதினெட்டு நாப்பத்து நாலு," என்றாள். "மாமாவை விட ஒரு செகண்ட் லேட்."

நான் ஒரு வருஷம் பிந்தி வந்தவள். அவள் என் தோளில் தலையைச் சாய்த்துக்கொண்டு சொன்னாள், "பரவால்ல அம்மா. கெடக்கட்டும்." சேட்டன் மூன்று கிளாஸ் டீயோடு ரோட்டைக் கடந்து வந்துகொண்டிருந்தார்.